வங்கியில் வாங்கும் சில்லறை ரோலில் வெள்ளிக் காசு கிடைக்குமா?

கேள்வி சுருக்கமாக இது. நீங்கள் டெக்சாஸுக்கு வந்து ஓராண்டு ஆகிறது. வங்கியில் சில்லறை ரோல் (காகிதத்தில் சுற்றிய சில்லறைக் கட்டு) வாங்கிப் பிரித்து, அதிலிருந்து வெள்ளிக் காசுகளைப் பொறுக்கி எடுக்கும் வீடியோக்களை உங்கள் பையன் விடாமல் பார்க்கிறான். இது நிஜமா, நாமும் செய்யலாமா, மதுரையில் இருக்கும் அப்பாவும் அங்குள்ள வங்கியில் இப்படித் தேட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் வாய்விட்டுக் கேட்காத ஒரு கேள்வியும் இருக்கிறது: இதில் காசு பார்க்க முடியுமா என்பது. அதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். செலவழிக்கும் நேரத்துக்குக் கூலி கணக்குப் போட்டால் கட்டாது. ஆனால் போட்ட முதல் எங்கேயும் போகாது. 100 டாலருக்குச் சில்லறை வாங்கினால், ஒன்றும் கிடைக்காத நாளிலும் அதே 100 டாலரைத் திரும்பக் கட்டிவிடலாம். முதலுக்குச் சேதமே இல்லாத பொழுதுபோக்குகள் அதிகம் இல்லை. பல வருடங்களாக இதைச் செய்துவருகிறவன், எங்கள் ஊர் நாணயச் சங்கத்தில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில், உறுதியாகத் தெரிந்ததையும் சந்தேகத்துக்கு இடமானதையும் பிரித்தே சொல்கிறேன்.

வெள்ளி ஏன் இன்னும் வங்கியில் கிடக்கிறது என்று புரிந்தால்தான் எங்கே தேடுவது என்று புரியும். 1964 வரை அமெரிக்காவில் 10 சென்ட் (டைம்), 25 சென்ட் (குவார்ட்டர்), அரை டாலர் மூன்றிலும் 90 சதவீதம் வெள்ளி இருந்தது. வெள்ளியின் விலை ஏறியது, மக்கள் காசைப் பதுக்கினார்கள், சில்லறைத் தட்டுப்பாடு வந்தது. 1965 ஜூலையில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட நாணயச் சட்டம் டைம், குவார்ட்டர் இரண்டிலிருந்தும் வெள்ளியை முழுவதுமாக எடுத்துவிட்டது. அரை டாலரில் மட்டும் 40 சதவீதமாகக் குறைத்து 1970 வரை தொடர்ந்தார்கள். 1971 முதல் அதிலும் இல்லை. புழக்கத்தில் ஓடிய டைமும் குவார்ட்டரும் கை மாறிக் கை மாறி அநேகமாகச் சலித்தெடுக்கப்பட்டுவிட்டன. அரை டாலரின் கதை வேறு. கென்னடி சுடப்பட்ட சில மாதங்களிலேயே, 1964-ல், அவர் முகத்தோடு அது வெளிவந்தது. ஜனங்கள் செலவழிக்காமல் நினைவாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். கடைகளில் அதைக் கொடுத்து வாங்கும் பழக்கமே போய்விட்டது. தாத்தா அலமாரியில் வைத்துவிட்டுப் போன காசை, விவரம் தெரியாத பேரன் வங்கியில் கட்டிவிட்டுப் போகிறான். இன்று ரோலில் கிடைக்கும் வெள்ளியில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான்.

அரை டாலர் ரோல் என்றால் 20 காசு, 10 டாலர். பெட்டியாக வாங்கினால் 50 ரோல், 1000 காசு, 500 டாலர், பதினொரு கிலோவுக்கு மேல் எடை. ஒவ்வொரு காசிலும் வருடத்தைப் படித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. காகிதத்தைக் கிழித்து 20 காசையும் ஒன்றின்மேல் ஒன்றாக விளக்கடியில் நிறுத்துங்கள். பிறகு விளிம்பை மட்டும் பாருங்கள். இப்போதைய காசுக்கு நடுவில் செம்பு, இரண்டு பக்கமும் செம்பு-நிக்கல் தகடு; அதனால் விளிம்பில் பழுப்புக் கோடு ஒன்று ஓடும். 90 சதவீத வெள்ளிக் காசில் அந்தக் கோடு இருக்காது, விளிம்பு முழுக்க வெளுப்பாக இருக்கும். 40 சதவீதக் காசுதான் ஏமாற்றும்: கோடு இருப்பதுபோலவும் இருக்கும், இல்லாததுபோலவும் இருக்கும், சாம்பல் பூத்த நிறத்தில் இருக்கும். சந்தேகம் வந்தால் அந்தக் காசை வெளியே எடுத்து வருடத்தைப் பாருங்கள், அல்லது தராசில் வையுங்கள். சாதாரணக் காசு 11.34 கிராம், 40 சதவீதம் என்றால் 11.5, 90 சதவீதம் என்றால் 12.5. தேய்மானத்தால் கொஞ்சம் குறையலாம், எனவே 40 சதவீதத்தைத் தராசால் மட்டும் முடிவு செய்ய வேண்டாம். கிராம் கணக்கில் சொன்னால், 1964 அரை டாலர் ஒன்றில் 11.25 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது, 1965 முதல் 1970 வரையிலானவற்றில் 4.6 கிராம்.

இதில் பையன் முதல் நாளே தடுமாறப்போகிற இடம் ஒன்று உண்டு. 1776-1976 என்று இரண்டு வருடம் போட்ட காசைப் பார்த்ததும் இருநூறு வருடப் பழசு கிடைத்துவிட்டதென்று துள்ளுவான். அது நாடு விடுதலை பெற்ற இருநூறாம் ஆண்டு நினைவு நாணயம். கோடிக்கணக்கில் அடித்தார்கள், ரோலில் வருபவற்றுக்கு முகமதிப்புதான். மாறாக, 2002 முதல் 2020 வரை வருடம் போட்ட அரை டாலர் வந்தால் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அந்த வருடங்களில் புழக்கத்துக்கென்று அவற்றை அடிக்கவில்லை. சேகரிப்பவர்களுக்கு மட்டும் கூடுதல் விலைக்கு விற்றார்கள். வாங்கியவர் யாரோ அலுத்துப்போய்ச் செலவழித்ததுதான் உங்கள் கைக்கு வந்திருக்கும். பெரிய விலை போகாது, ஆனால் நல்ல கண்டெடுப்பு.

சரி, ஒரு பெட்டியில் எத்தனை வெள்ளி கிடைக்கும்? இதற்கு எண் சொல்கிறவர் யாரையும் நம்பாதீர்கள். ஒன்றுமே இல்லாத பெட்டிகள் வரிசையாக வரும். திடீரென்று ஒரே ரோல் முழுக்க வெள்ளியாக இருக்கும். உங்களுக்கு முன்னால் அதே பெட்டியை வேறொருவர் சலித்துவிட்டுத் திரும்பக் கட்டியிருக்கவும் வாய்ப்பு அதிகம். வீடியோ போடுகிறவர்கள் கிடைத்த நாளைத்தான் காட்டுவார்கள்.

அதனால், பையனோடு உட்கார்ந்து செய்வதாக இருந்தால், என் யோசனை அரை டாலரில் ஆரம்பிக்காதீர்கள் என்பதே. 5 சென்ட் நிக்கல் காசில் ஆரம்பியுங்கள். ஒரு ரோல் 40 காசு, 2 டாலர்தான். பெட்டியே 100 டாலர்தான். இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. போர்க்காலத்துச் சில வருடங்களை விட்டுவிட்டால், 1866-லிருந்து இன்றுவரை அதே 75 சதவீதம் செம்பு, 25 சதவீதம் நிக்கல். எடையும் அதே 5 கிராம். உலோகம் மாறாததால், டைமையும் குவார்ட்டரையும் அள்ளிக்கொண்டு போனதுபோல இதை யாரும் அள்ளவில்லை. ஐம்பதுகளில் அடித்த, முன்னாள் ஜனாதிபதி ஜெபர்சனின் உருவம் போட்ட காசுகள் இன்றும் கடையில் மீதிச் சில்லறையாக வருகின்றன. வருடம் பார்க்க, எழுத்துப் பார்க்க, சின்னக் கைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஒவ்வொரு ரோலிலும் பார்க்க ஏதாவது இருக்கும், அதனால் பையனுக்கும் அலுக்காது.

நிக்கலில் தேட வேண்டிய முதல் சரக்கு போர்க்கால நிக்கல். இரண்டாம் உலகப் போரின்போது நிக்கல் உலோகம் ராணுவத் தளவாடங்களுக்குத் தேவைப்பட்டது. அதனால் 1942-ன் பிற்பகுதியிலிருந்து 1945 முடிய 56 சதவீதம் செம்பு, 35 சதவீதம் வெள்ளி, 9 சதவீதம் மாங்கனீஸ் கலந்து அடித்தார்கள். இதை அடையாளம் காண தராசு வேண்டாம். காசைத் திருப்பி, ஜெபர்சனின் மான்டிசெல்லோ மாளிகையைப் பாருங்கள். அதன் கும்மட்டத்துக்கு நேர் மேலே பெரிதாக, அடித்த நாணயச்சாலையைக் குறிக்கும் பி, டி, எஸ் என்ற மூன்றில் ஒரு எழுத்து இருந்தால் அது வெள்ளி கலந்த காசு. பிலடெல்பியா நாணயச்சாலை தன் எழுத்தான பி-யைக் காசில் போட்டது அதுதான் முதல் தடவை. 1942-ல் இரண்டு வகையும் அடித்தார்கள், ஆகவே வருடத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். பழகியபின் நிறமே காட்டிக்கொடுக்கும்: மற்ற காசுகளுக்கு நடுவே இது எண்ணெய் படிந்த கரும்சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும், அல்லது வித்தியாசமான வெளுப்பாக இருக்கும். அரிசியில் கல் பொறுக்குகிற கண்ணுக்குக் கல் தானாகத் தெரிவதுபோலத்தான். ஒரு காசில் 1.75 கிராம் வெள்ளி.

அப்புறம் எருமை நிக்கல். ஒரு பக்கம் அமெரிக்கப் பூர்வகுடி மனிதரின் தலை, மறுபக்கம் காட்டெருமை. 1913 முதல் 1938 வரை அடித்தது. இதில் வருடத்தை மேடான இடத்தில் பொறித்துவிட்டார்கள். முதலில் தேய்ந்து போவது அதுவே. ரோலில் வருபவற்றில் பலவற்றுக்கு வருடமே தெரியாது. அமிலம் தடவி வருடத்தை வரவழைக்கும் வித்தையைச் சிலர் சொல்லித்தருவார்கள். வருடம் தெரியும், காசு பாழாகும். அப்படியே விட்டுவிடுவது நல்லது. ஜெபர்சன் வரிசையில் 1950 டி என்பது சுமார் 26 லட்சம் மட்டுமே அடித்தது, புழக்கத்துக்கான ஜெபர்சன் நிக்கல்களில் மிகக் குறைவு. ஆனால் வெளிவந்த உடனே வியாபாரிகள் ரோல் ரோலாகப் பதுக்கிவிட்டதால், அடித்த மேனி குலையாத காசுகளே சந்தையில் தாராளம். விலை நீங்கள் நினைக்கிற அளவுக்கு இருக்காது. 2009 காசையும் எடுத்து வையுங்கள். பொருளாதாரம் படுத்த வருடம் என்பதால் சில்லறைத் தேவை குறைந்து, வழக்கத்தைவிட மிகக் குறைவாகவே அடித்தார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டைம், குவார்ட்டர் இரண்டிலும் அதே விளிம்புப் பார்வைதான்; 1964-ம் அதற்கு முந்தையதும் வெள்ளி, ஆனால் அபூர்வமாகவே வரும். குவார்ட்டரில் 2019, 2020 வருடங்களைக் கவனியுங்கள். வெஸ்ட் பாயின்ட் நாணயச்சாலையில் அடித்த காசுகளை, ஒவ்வொரு வடிவத்திலும் சுமார் 20 லட்சம் வீதம், வேண்டுமென்றே புழக்கத்தில் கலந்துவிட்டார்கள். வாஷிங்டனின் குடுமிக்குப் பக்கத்தில் டபிள்யூ எழுத்து இருக்கும். 1 சென்ட் காசான பென்னியில் 1958 வரை பின்புறம் கோதுமைக் கதிர் இருக்கும். அவை இன்னும் வருகின்றன. 1982-ன் நடுவில் செம்பிலிருந்து துத்தநாகத்துக்கு மாறினார்கள்: செம்பு என்றால் 3.11 கிராம், துத்தநாகம் 2.5 கிராம். செம்புப் பென்னிகளைச் சேர்த்து உருக்கி விற்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பென்னியையும் நிக்கலையும் உருக்குவது 2006 டிசம்பரிலிருந்து தடை செய்யப்பட்டிருக்கிறது. நாட்டை விட்டு எடுத்துப் போவதற்கும் கட்டுப்பாடு உண்டு. ஊருக்குப் போகும்போது பிள்ளைகளுக்கு நாலு காசு எடுத்துப்போவதில் பிரச்சினை இல்லை, மூட்டையாகக் கட்டக் கூடாது. புழக்கத்துக்கான பென்னி அடிப்பதை 2025 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள், இருந்தாலும் அது செல்லும்.

இதுவரை சொன்னது எல்லாம் வருடம், எழுத்து, எடை என்று கையால் சரிபார்க்கக்கூடியவை. சந்தேகம் தொடங்கும் இடம் பிழைக் காசுகள். இணையத்தில் மிக அதிகமாக ஏமாற்றப்படுவது இதில்தான். உண்மையான இரட்டை அச்சு எப்படி வருகிறது என்றால், காசை அடிக்கும் அச்சைத் தயாரிக்கும்போது வடிவம் இரண்டு முறை, சற்றுத் திரும்பிப் பதிந்துவிடும். அந்த அச்சில் அடித்த எல்லாக் காசிலும் அதே இரட்டிப்பு வரும். 1955 பென்னியில் எழுத்துகள் இரண்டிரண்டாக வெறும் கண்ணுக்கே தெரியும். 1972-லும் அப்படி ஒன்று உண்டு. ஆனால் ரோலில் நீங்கள் பார்க்கப்போகிற இரட்டிப்பில் பெரும்பாலானவை வேறு ரகம். அடிக்கும் நேரத்தில் அச்சு லேசாக ஆடியதால் எழுத்தின் ஓரம் தட்டையாக, படிக்கட்டுபோல நசுங்கியிருக்கும். அதற்கு மதிப்பில்லை. துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் மாட்டிக்கொண்டு நாள்கணக்கில் சுழன்ற காசின் விளிம்பு தடித்து, எழுத்துகள் உள்ளே ஒடுங்கிக் கிடக்கும். ரோல் சுற்றும் இயந்திரம் சில காசின் முகத்தில் வட்டமாகக் கீறிவிடும். துத்தநாகப் பென்னியில் மேல்பூச்சுக் கொப்பளித்து நிற்கும். இவை எல்லாவற்றையும் பிழைக் காசு என்று ஆயிரம் டாலருக்குப் பட்டியலிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பட்டியலிட்ட விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். இபேயில் அதைத் தனியாகப் பார்க்கும் வசதி உண்டு.

இந்த விஷயத்தில் என் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். படத்தைப் பார்த்து இது உண்மைப் பிழையா, விலை என்ன என்று நான் சொல்வதில்லை. கையில் வாங்கி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில், வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் பார்த்தால்தான் ஓரளவு சொல்ல முடியும். அப்போதும் விலையுயர்ந்த காசு என்று தோன்றினால் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரநிர்ணய நிறுவனத்துக்குத்தான் அனுப்பச் சொல்வேன். அதற்கான கட்டணமும் தபால் செலவும் பத்துக்கணக்கான டாலர் ஆகும் என்பதால், ரோலில் கிடைக்கும் காசுகளில் நூற்றில் ஒன்றுகூட அனுப்பும் தரத்தில் இருக்காது. விற்று வரும் பணத்துக்கு வரி உண்டா என்பதை உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள்.

நம் வீட்டுப் பழக்கம் ஒன்றை இங்கே நிறுத்த வேண்டும். பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்ப்போம், வெள்ளிக் குத்துவிளக்கை விபூதி போட்டுத் துடைப்போம். அழுக்கான காசைப் பார்த்ததும் கை தானாக அங்கேதான் போகும். கூடவே கூடாது. புளியின் அமிலம் மேற்பரப்பை அரித்துவிடும், விபூதி மெல்லிய கீறலாகப் போட்டுவிடும். பழைய காசு வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அந்த மேற்பரப்பைத்தான். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசுக்குப் பாதி விலைகூடத் தரமாட்டார். வெள்ளி எடைக்கு மட்டும் விற்கிற சாதாரணக் காசு என்றால் நஷ்டமில்லை, ஆனால் எது எந்த ரகம் என்று தெரியும்வரை எதையும் தேய்க்காதீர்கள். காசை எப்போதும் விளிம்பில் பிடிக்கப் பையனுக்குச் சொல்லிக்கொடுங்கள். மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் சில வருடத்தில் பச்சைப் பிசுக்குப் பிடிக்கும். நடுவில் ஜன்னல் வைத்த அட்டை உறை போதும், விலையும் குறைவு.

வங்கியில் நடந்துகொள்ளும் முறையும் முக்கியம். உங்களுக்குக் கணக்கு இருக்கும் வங்கியிலேயே கேளுங்கள். டெல்லரிடம் (கவுண்டரில் இருக்கும் ஊழியர்), வாடிக்கையாளர்கள் கையால் சுற்றிக் கொண்டுவந்த ரோல் இருக்கிறதா என்று கேட்பதுதான் முதல் கேள்வி. இயந்திரம் சுற்றிய ரோலின் இரு முனையும் ஒரே சீராக மடங்கியிருக்கும்; கையால் சுற்றியதில் காகிதம் தாறுமாறாக மடங்கியிருக்கும். யாரோ வீட்டு உண்டியலிலிருந்து வந்த காசு அந்தத் தாறுமாறான ரோலில்தான் இருக்கும். முனைக் காசு புத்தம் புதிதாக மின்னினால் நாணயச்சாலையிலிருந்து நேராக வந்த ரோல், உள்ளே அத்தனையும் ஒரே வருடம்தான், திருப்பிக் கொடுத்துவிடலாம். பெட்டி வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சில கிளைகள் கட்டணம் கேட்கும், சில முடியாது என்றே சொல்லிவிடும். வாங்கிய கிளையிலேயே சலித்த காசைத் திரும்பக் கொட்டாதீர்கள்; அவர்களுக்கும் தொல்லை, அதே காசு மறுபடி உங்களிடமே வரும். திரும்பக் கட்ட வேறொரு வங்கியை வைத்துக்கொள்ளுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் இருக்கும் சில்லறை எண்ணும் இயந்திரத்தில் ரொக்கமாகக் கேட்டால் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கழித்துக்கொள்ளும், அதில் போடாதீர்கள். ஆனால் அந்தப் பக்கம் போகும்போது இயந்திரம் தள்ளிவிட்ட காசு விழும் தட்டை ஒரு பார்வை பாருங்கள். வெள்ளிக் காசின் எடையும் தன்மையும் வேறு என்பதால் இயந்திரம் ஏற்காமல் அதில் தள்ளிவிடுவது உண்டு.

மதுரையில் அப்பா செய்யலாமா என்றால், தாராளமாகச் செய்யலாம், ஆனால் வெள்ளியை எதிர்பார்த்து வேண்டாம். இந்திய ரூபாயில் 1940-லேயே வெள்ளியைப் பாதியாகக் குறைத்து, அந்த நாற்பதுகளிலேயே முழுக்க எடுத்துவிட்டார்கள். 25 பைசாவும் அதற்குக் கீழ் உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. ஆகவே இன்றைய புழக்கத்தில் உலோகத்துக்காகத் தேட ஒன்றுமில்லை. அங்கே ரோலும் கிடையாது, நூறு நூறு காசாகப் போட்ட பிளாஸ்டிக் பைதான். தேட வேண்டியது நினைவு நாணயங்களை. 1995-ல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர் உருவத்தோடு 1, 2, 5 ரூபாயில் வெளியிட்டார்கள். காமராஜர், அண்ணா இருவருக்கும் 5 ரூபாய் காசு உண்டு, தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கும் 2010-ல் வந்தது. இவற்றைச் சேர்க்கும் ஆர்வம் அவருக்கு இருந்தால் பொழுது நன்றாகப் போகும். ஒன்றை மட்டும் இன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள். வைஷ்ணவ தேவி படம் போட்ட காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று வரும் விளம்பரங்கள் அத்தனையும் மோசடி. வாங்குவதாகச் சொல்லிவிட்டு, வரி என்றும் கமிஷன் என்றும் ரிசர்வ் வங்கிக் கட்டணம் என்றும் முன்பணம் கேட்பார்கள். தன் பெயரில் அப்படிப் பணம் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. யார் கேட்டாலும் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம், ஓடிபி எண்ணையும் சொல்ல வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.